ஹெட்ஃபோன் வாங்குமுன் கழற்றி வைக்க வேண்டிய நம்பிக்கைகள்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் காதில் எதையும் மாட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். போனோடு இலவசமாக வந்ததையும் நடைபாதைக் கடையில் வாங்கியதையும் தூக்கிப் போட்டுவிட்டு ‘நல்லதா ஒண்ணு’ வாங்க வேண்டும் என்ற ஆசை முதல் சம்பளத்தோடு வருகிறது. ஆசையில் தவறில்லை. யாரிடம் யோசனை கேட்கிறோம் என்பதில்தான் கோளாறு. அலுவலக நண்பர், ரிச்சி தெருக் கடைக்காரர், யூடியூபில் பெட்டி பிரித்துக் காட்டுபவர் என்று மூவரைக் கேட்டால் மூவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். அது சரியான பதில் என்பதால் அல்ல. மூவரும் ஒரே வதந்தியைக் கேட்டவர்கள் என்பதால். விளைவு, கையில் இருக்கும் பத்தாயிரம் ரூபாயை ஹெட்ஃபோனுக்குப் பாதி, ஆம்ப்ளிஃபயருக்குப் பாதி என்று பிரித்து, சுமாரான இரண்டு பொருட்களோடு நாம் வீடு திரும்புகிறோம்.

‘ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் நல்ல ஹெட்ஃபோன் பாடாது.’ நம்பிக்கைகளில் தலையாயது இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் உடைந்துவிடும் என்பதால் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஹெட்ஃபோன் ரசிகர்கள் உலகெங்கும் மேற்கோள் காட்டும் சென்ஹைசர் எச்டி 650-ஐ எடுத்துக்கொள்வோம். 2003-ல் வந்தது, 300 ஓம் மின்மறுப்பு உடையது. ஆம்ப் இல்லாமல் தொடவே கூடாது என்று பயமுறுத்துவதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஒரு வோல்ட் கொடுத்தால் இது 103 டெசிபல் ஒலிக்கும் என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருக்கிறார். போனில் செருகும் நல்ல டைப்-சி டாங்கிள் ஒன்று ஏறத்தாழ அந்த ஒரு வோல்ட்டைத் தரும். அதன் விலை ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது. 103 என்பது உச்சம். பாட்டின் சராசரி ஒலி அதைவிடப் பத்துப் பதினைந்து டெசிபல் தாழ்ந்திருக்கும். அப்படிப் பார்த்தாலும் தொண்ணூறுக்கு அக்கம்பக்கத்தில் நிற்கிறது. வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு இது போதும் என்பதல்ல, அதிகம். சராசரி மிகவும் தாழ்ந்த பதிவுகள் உண்டு. அமைதியாகத் தொடங்கித் திடீரென்று பொங்கும் மேற்கத்திய சிம்பொனிகள் அப்படிப்பட்டவை. அவற்றைச் சத்தமாகக் கேட்பவருக்கு மட்டும் சற்றுக் குறையலாம். ஆம்ப்ளிஃபயருக்கு வேலை அங்கேதான். ஒலி போதாதபோது அதைக் கூட்டுவதே அதன் கடமை. குரலுக்கு இனிமை சேர்ப்பது அல்ல.

பிறகு ஏன் ஆம்ப் மாட்டியதும் ‘ஆஹா’ என்கிறார்கள்? கடையில் காட்டும்போது ஆம்ப் வழியாக வரும் ஒலி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். யாரும் இரண்டையும் ஒரே அளவுக்கு வைத்துக் காட்டுவதில்லை. ஒரு டெசிபல் வித்தியாசத்தைக் கூட நம் காது ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று உணராது. ‘தெளிவு கூடியிருக்கிறது’ என்றே உணரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் காதும் அப்படித்தான் ஏமாறுகிறது. காசு கொடுத்தபின் நம் மனம் அந்த ஏமாற்றத்துக்குக் காவல் நிற்கிறது.

முதல் நம்பிக்கையின் உடன்பிறப்பு, ‘ஓம் அதிகமென்றால் ஆம்ப் கட்டாயம், ஓம் குறைவென்றால் போன் போதும்’ என்பது. ஓம் என்பது பாதித் தகவல்தான். கொடுத்த சக்திக்கு எவ்வளவு ஒலி வரும் என்ற உணர்திறன் மீதிப் பாதி. ஹைஃபைமேன் எச்இ-6 என்ற ஹெட்ஃபோனின் மின்மறுப்பு வெறும் 50 ஓம். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு அது தருவது 83.5 டெசிபல்தான். மேலே சொன்ன 103 டெசிபலை எட்ட அதற்கு ஏறத்தாழ 90 மில்லிவாட் வேண்டும். 300 ஓம் எச்டி 650-க்கோ மூன்றரை மில்லிவாட் கூட வேண்டியதில்லை. ஓம் குறைந்தது எளிது, கூடியது கடினம் என்று நம்பி வாங்கியவர் எச்இ-6-ஐப் போனில் செருகிவிட்டு ‘பீஸ் ஃபால்ட்’ என்று திருப்பி அனுப்புவார். பெட்டியில் இரண்டு எண்களும் அச்சாகியிருக்கின்றன. இரண்டையும் படிக்க வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 என மூன்று ஓம்களில் விற்பதைப் பார்த்து, 250 தான் ‘உயர்ந்த ரகம்’ என்று வாங்குவோரும் உண்டு. அவை எந்தக் கருவியோடு இணைக்கப்படும் என்பதற்காகச் செய்த வகைகள். தரப் படிக்கட்டு அல்ல.

ப்ளூடூத் ஹெட்ஃபோனுக்கு ஆம்ப் தேடுபவர்களுக்கு ஒரு வரி போதும்: உங்கள் ஹெட்ஃபோனுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. வெளியே இன்னொன்றை வைத்தால் காற்றில் வரும் சமிக்ஞையை அது தொடக்கூட முடியாது.

இனி, ‘வாட் கூடக்கூடத் தரம் கூடும், ரிச்சி தெருவில் ஒரு 4440 போர்டு வாங்கிச் சொருகினால் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்’ என்ற நம்பிக்கை. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் பெட்டிகளில் ‘1000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று மின்னிய ஸ்டிக்கர்களை நாம் மறக்கவில்லை. பிஎம்பிஓ-வுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. தயாரிப்பாளர் மனம்போல எழுதிய எண் அது. அந்த ஸ்டிக்கர் போய்விட்டாலும் அது பழக்கிய புத்தி போகவில்லை. ஹெட்ஃபோன் உலகம் மில்லிவாட்டில் வாழ்கிறது. ஒரு வாட் என்பதே அங்கே பெருவெள்ளம். எல்ஏ 4440 என்பது சான்யோ நிறுவனம் ஸ்பீக்கருக்காக வடிவமைத்த ஐசி. ஸ்டீரியோவில் பக்கத்துக்கு ஆறு வாட், பிரிட்ஜ் முறையில் பத்தொன்பது வாட். அசெம்பிள் செய்த செட்டில் அது பல தலைமுறைக்குப் பாட்டுப் பாடியிருக்கிறது, அதன்மேல் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் காதருகே மாட்டினால் ஸ்பீக்கரில் கேட்காத இரைச்சலெல்லாம் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். குமிழ் கைதவறித் திரும்பினால் உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் கருகிவிடும், அதற்கு முன்பே காது போய்விடும். பிரிட்ஜ் இணைப்பில் இன்னொரு ஆபத்து உண்டு. அங்கே ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளில் எதுவும் கிரவுண்ட் இல்லை. ஹெட்ஃபோன் பின்னிலோ இரு காதுக்கும் ஒரே கிரவுண்ட். இரண்டையும் இணைத்தால் ஷார்ட் ஆகும்; போர்டும் போகும், ஹெட்ஃபோனும் போகும்.

‘லேப்டாப்பில் செருகினால் உர்ரென்று இரைகிறது, ஆம்ப் வாங்கினால் சரியாகும்’ என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் வீட்டு ஒயரிங். குரோம்பேட்டை, சேலையூர் வாடகை வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்கிறதா என்பது வேறு விஷயம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடத்தில் ஆம்ப்ளிஃபயர் வாங்குவது செலவு மட்டுமல்ல, ஆபத்தை அப்படியே விட்டுவைப்பதும் ஆகும்.

‘விலைக்கேற்ற தரம்.’ புடவைக்கடையிலும் இது முழு உண்மையில்லை, இங்கே இன்னும் குறைவு. யெரூன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். தாழ்ந்த ஸ்வரம் முதல் உச்ச ஸ்வரம் வரை ஒலியை எவ்வளவு சமனாகத் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. மலிவானதெல்லாம் நல்லது என்பதல்ல இதன் பொருள். விலைச் சீட்டு நமக்கு எதையும் சொல்வதில்லை, காதில் மாட்டிக் கேட்டோ அளவீட்டைப் பார்த்தோதான் முடிவெடுக்க வேண்டும் என்பதே பொருள். நம் புறநகர்க் கடைகளில் பெட்டியைப் பிரித்துக் கேட்க விடுவது அபூர்வம். அதனால்தான் விலையைப் பிடித்துக்கொள்கிறோம்.

‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இல்லாவிட்டால் வீண்.’ 1982-ல் வந்த சிடி-யின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது இளமையில் கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அது முழுமையாகப் பதிவு செய்யும். நாற்பது வயதுக்காரருக்கு அதிலேயே மிச்சம் இருக்கும். அமெரிக்காவின் மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், எது உயர்தரம், எது சிடி அளவு என்று தெரியாமல் 554 முறை கேட்கவைத்தார்கள். சரியான பதில்கள் நாணயம் சுண்டிப் போட்டதற்குச் சமமாகவே வந்தன. உண்மையான வித்தியாசம் பதிவில் இருக்கிறது. நம் ஊருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். எழுபதுகளின் பிற்பகுதி வரை வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் ‘ப்ரியா’ 1978-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாட்டை, அதுவும் தேய்ந்த கேசட்டிலிருந்து யாரோ ஏற்றியதை, லட்ச ரூபாய்க் கருவியில் கேட்டாலும் வயலின் இடப்புறமும் தபேலா வலப்புறமும் பிரிந்து உட்காராது. நல்ல ஹெட்ஃபோன் அந்தத் தேய்மானத்தைத்தான் துல்லியமாகக் கேட்கவைக்கும்.

‘நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் உண்மையான ஒலி வரும்.’ ஹெட்ஃபோனைக் கழற்றி மீண்டும் மாட்டும்போது காதில் உட்காரும் இடம் மாறுவதால் ஒலியில் ஏற்படும் வித்தியாசமே இந்த ‘பழகுதலால்’ வருவதைவிடப் பெரியது. பழகுவது நம் காது. இந்த நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். தினமும் சில மணி நேரம் கேட்பவருக்கு நூறு மணி நேரம் முடிவதற்குள் திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

கடைசியாக, ‘ஓபன் பேக்தான் உயர்ந்தது.’ முதுகுப்புறம் திறந்த ஹெட்ஃபோன் விசாலமாக ஒலிக்கும் என்பது உண்மை. எங்கே? அமைதியான அறையில். பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் விமானம் தலைக்குமேல் இறங்கும். ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய வீட்டில் ஹார்ன் ஓயாது. எங்கும் மின்விசிறி சுற்றும். எல்லாம் பாட்டோடு சேர்ந்து காதுக்குள் வரும். மூடிய ஹெட்ஃபோனுக்கோ இந்த ஊரில் வேறு தொல்லை: செயற்கைத் தோல் உறை நம் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் உரிந்து கருப்புத் துகளாகக் கன்னத்தில் ஒட்டும். உறை தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்று வாங்குமுன் பார்ப்பது எந்த ஆம்ப்ளிஃபயரையும்விடப் பயன் தரும். ரயிலில் கேட்பதற்கென்றால் இரண்டும் வேண்டாம். காதுத் துளையை அடைக்கும் இயர்போனே போதும்.

ரயில் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டுவதுதான் இத்தனை தவறுகளிலும் விலை கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி வாரத்துக்கு 40 மணி நேரம் பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய அளவு 80 டெசிபல். அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தாம்பரத்திலிருந்து நகருக்குத் தினமும் போய்வருபவர் புதன்கிழமைக்குள் அதைத் தாண்டிவிடுவார். இழந்த கேள்திறன் திரும்பாது.

ஆகவே முதல் முறை வாங்கும்போது ஆம்ப்ளிஃபயருக்கென்று பணம் ஒதுக்காதீர்கள். முழுத் தொகையையும் ஹெட்ஃபோனில் போடுங்கள், டாங்கிளோடு ஒரு மாதம் கேளுங்கள். அமைதியான அறையில், ஒலியை முழுக்க ஏற்றியும் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் ஆம்ப் வாங்கப் புறப்படுங்கள். பெரும்பாலானோர் புறப்பட வேண்டியிருக்காது.