"பசிக்கல" என்பதற்குள் என்ன இருக்கிறது?

நம்பிக்கை: எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிற பெண், பட்டினி கிடக்கிறவளாக இருக்க முடியாது.

உண்மை: பட்டினிதான் அப்படிப் பேச வைக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரை வயிற்றுக்கு மட்டும் உணவு கொடுத்துச் சோதித்தார். நாளாக ஆக அவர்களுக்குப் பேச்செல்லாம் சாப்பாடு, கனவிலும் சாப்பாடு. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். அவர்களில் யாருக்கும் முன்பு உணவுக் கோளாறு கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் பரிமாறிவிட்டு, தான் ஒரு வாய்கூடத் தொடாத மகளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வர வேண்டும்.

நம்பிக்கை: "குண்டாயிடுவேன்னு அவ ஒருநாளும் சொன்னதில்லையே! இது அனோரெக்ஸியாவா இருக்காது."

உண்மை: நம் ஊரில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீயும் சக ஆய்வாளர்களும் உணவைத் தானே குறைத்து மெலிந்துபோகும் உணவுக் கோளாறான அனோரெக்ஸியா உள்ள 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் பருமனைப் பற்றிய பயத்தைச் சொல்லவேயில்லை. வயிறு உப்பியிருக்கிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். தன்னைச் சுற்றியுள்ளவர்கள் ஏற்றுக்கொள்ளும் காரணத்தைத்தான் யாரும் சொல்வார்கள். நம் வீடுகளில் "பசிக்கல", "வயிறு ஒரு மாதிரியா இருக்கு", "இன்னைக்கு விரதம்" என்றால் மறுகேள்வி இல்லை. மனநோய்களை இனங்காண மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடும், எடை கூடுவதைத் தொடர்ந்து தடுக்கும் நடத்தை இருந்தால், பயத்தை வாய்விட்டுச் சொல்லாதவரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

நம்பிக்கை: சந்தோஷமாக எழுதுகிறவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

உண்மை: ஜேம்ஸ் பென்னிபேக்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006இல் இரு தரப்பினர் எழுதியவற்றைச் சொல் சொல்லாக எண்ணி ஒப்பிட்டார்கள். அனோரெக்ஸியாவைத் தன் வழியென்று போற்றியவர்களின் எழுத்தில் மகிழ்ச்சிச் சொற்கள் அதிகம், பதற்றம் குறைவு. மீண்டுகொண்டிருந்தவர்களின் எழுத்தில்தான் பதற்றமும், தன்னை உற்று நோக்குவதும், யோசித்துப் பார்ப்பதும் கூடுதலாக இருந்தன. சொற்களை எண்ணி ஒருவருக்கு நோய் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் கலகலப்பை நலம் என்று நம்பி இருந்துவிடவும் கூடாது.

நம்பிக்கை: ஆபத்து என்று புரியவைத்தால் விட்டுவிடுவாள்.

உண்மை: லண்டனில் ஜேனட் ட்ரெஷரின் குழு, நோயாளிகளிடம் அனோரெக்ஸியாவுக்கே இரண்டு கடிதங்கள் எழுதச் சொன்னது: நண்பனாக நினைத்து ஒன்று, எதிரியாக நினைத்து ஒன்று. நண்பனுக்கான கடிதங்களில் மேலோங்கியிருந்தது, 'நீ என்னைப் பாதுகாக்கிறாய்' என்ற உணர்வு. காவலென்று நம்புவதை யார் அதட்டலுக்குப் பயந்து விடுவார்கள்?

திமிர், அடம் என்று பேர் வைக்காதீர்கள். மகனோ மகளோ, மெலிந்துகொண்டே போனால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.