ஓமத்தின் காரமும் கிருமியின் கதையும்



வயிறு வலித்தால் ஓமத்தண்ணி, சளி பிடித்தால் கற்பூரவள்ளி, பல் வலித்தால் கிராம்பு. இது நம் எல்லார் வீட்டிலும் உள்ள மருத்துவம்தான். இவற்றின் வாசனை எண்ணெய்கள் உண்மையிலேயே கிருமியைக் கொல்கின்றனவா? கொன்றால் எப்படி? வேதிப் பொறியியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் நான் படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் எண்ணெய் எடுக்கும் விதம். ஓம எண்ணெயின் உயிர்நாடி தைமால் என்ற பொருள். அதன் கொதிநிலை சுமார் 232 டிகிரி செல்சியஸ். ஆனால் ஓமத்தை நீராவியில் வைத்தால் 100 டிகிரிக்குக் கீழேயே எண்ணெய் ஆவியாகி வந்து விடுகிறது! தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காதவை. எனவே இரண்டும் தனித்தனியே தத்தம் ஆவியழுத்தத்தைக் கொடுக்கும். அந்தக் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொட்டவுடன் கொதிப்பு ஆரம்பம். டால்டன் விதியை ரெண்டு மார்க் கேள்வி என்று ஒதுக்கும் நண்பர்கள் கவனிக்க! நீலகிரியில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் ஷெட்டுகளில் நடப்பதும் இதே தத்துவம்தான்.

100 கிராம் ஓமத்தில் கிடைப்பது 2 முதல் 4 கிராம் எண்ணெய். அதில் ஏறக்குறைய பாதி தைமால். எண்ணெயைக் காஸ்டிக் சோடா கரைசலோடு குலுக்கினால், தைமால் ஒரு ஃபீனால் என்பதால், உப்பாக மாறி நீரில் இறங்கி விடும். அந்த நீரைப் பிரித்து அமிலம் சேர்த்தால் தைமால் திரும்ப வரும். குளிர்ந்தால் வெள்ளைப் படிகம். முதல் உலகப் போருக்கு முன் நம் நாட்டு ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாகி விற்பனைக்கு வந்தது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. விதை நம்முடையது, லாபம் அவர்களுடையது. என்ன சொல்ல!

1865இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், காயத்தில் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டிச் சீழ் பிடிக்காமல் காத்தார். அந்தக் கார்பாலிக் அமிலம்தான் ஃபீனால். தைமால் அதற்கு உறவுக்காரன். லிஸ்டர் பெயரால் 1879இல் வந்த லிஸ்டரின் என்னும் வாய் கொப்பளிக்கும் மருந்திலும் தைமால் உண்டு. கற்பூரவள்ளியில் இருக்கும் கார்வக்ரால், தைமாலின் ஐசோமர். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, ஹைட்ராக்சில் தொகுதி உட்காரும் இடம் மட்டும் வேறு. அந்தச் செடிக்கு ஓமவல்லி என்றும் பேர் வைத்தவரின் மூக்குக்கு நூறு மார்க் போடலாம்!

பாக்டீரியாவைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. தைமால் தண்ணீரில் சொற்பமாகத்தான் கரையும். கொழுப்பில் நன்றாகக் கரையும். எனவே அது சவ்வுக்குள் புகுந்து உட்கார்ந்து கொள்கிறது. சவ்வு ஓட்டைக் குடமாகிறது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் அயனிகள் வெளியே ஒழுகி, செல் சாகிறது. கிராம் நெகட்டிவ் வகைக்கு மேலே இன்னொரு சவ்வு கவசமாக இருப்பதால் அவை பொதுவாகக் கொஞ்சம் அதிகம் தாக்குப் பிடிக்கும். சூடோமோனாஸ் என்ற கிருமி பெரும்பாலும் மசிவதே இல்லை.

இங்கேதான் ஒரு வீட்டு வழக்கைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அப்பாவுக்குக் கட்டட வேலை. போன வருஷம் சென்ட்ரிங் பலகையில் இருந்த துரு ஆணி அவர் காலில் ஆழமாக ஏறி விட்டது. கிராம்புத் தைலம் தடவித் துணி சுற்றிக் கொண்டார். ஊசி போட வேண்டும் என்றேன். அம்மா மடக்கினார்: "ஓமத்துலயும் கிராம்புலயும் மருந்து இருக்குன்னு நீதானடா சொன்ன? அப்புறம் எதுக்கு ஊசி?"

நியாயமான கேள்வி. ஆனால் டெட்டனஸ் கிருமி காற்றில்லாத ஆழத்தில் வளர்வது. அதன் வித்துகள் கெட்டியான தோல் போர்த்தவை. மேலே தடவும் தைலம் அங்கே போய்ச் சேராது. சரி, தைலத்தைக் குடித்தால்? சோதனைத் தட்டில் கிருமியைத் தடுக்க லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் தைமால் தேவைப்படுகிறது. குடித்த தைமாலையோ உடம்பு வேகமாக சல்ஃபேட்டாக மாற்றி வெளியேற்றி விடும். அளவைக் கூட்டினால் நம் செல்லின் சவ்வும் கொழுப்புதானே, அதையும் ஓட்டை போடும். வாய், தோல், தரை என்று மேற்பரப்பில்தான் இந்த எண்ணெய்களுக்கு வேலை. சுத்தமான தைலத்தைக் குழந்தைகள் கையில் கொடுத்து விடாதீர்கள். யூகலிப்டஸ் தைலம் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே வலிப்பு வரக்கூடும்.

இதையெல்லாம் அம்மாவிடம் ஓட்டைக் குடம் கதையாகத்தான் சொன்னேன். அன்று சாயங்காலமே அப்பா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காயத்தைக் கழுவி, ஊசி போட்டு வந்தார். "உன் படிப்புக்கு அரை நாள் கூலி போச்சு" என்றார், சிரித்துக் கொண்டே.