யாருடைய நேரம் முதலில் வளைகிறது?

பெண் பார்க்கப் போகும்போது நம்ம பெரியவங்க கேட்கிற கேள்விகள் எல்லாருக்கும் தெரியும். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், சொந்த வீடா? ஆனா எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவாங்கன்னு கேட்டு நான் பார்த்ததில்ல. சம்பளத்தைவிட அந்த நேரம்தான் இன்னொருத்தரோட வேலையை முடிவு செய்யுது. இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு நான் எடுத்திருக்கிற தலைப்பு இதுதான்.

நான் வளர்ந்த கேமரன் மலையிலிருந்தே தொடங்குறேன். ஜே.ஏ. ரஸல் 1929-ல் இங்கே போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். பாரத் தேயிலை வந்தது 1933-ல். மலாயாவில் கங்காணி முறை வழக்கத்தில் இருந்த காலம் அது. கங்காணி தன் ஊருக்கே போய், சொந்தபந்தத்தில் ஆள் திரட்டி வருவார். தனி ஆளைவிடக் குடும்பமாக வருபவர்கள் தோட்டத்தில் நிலைத்து இருப்பார்கள் என்பது துரைமார்களின் கணக்கு. ஆக, கணவனும் மனைவியும் சேர்ந்தே வேலைக்கு எடுக்கப்பட்டார்கள்.

ஆனால் கூலி சமமில்லை. 1920களின் கடைசியில் மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இந்தப் பத்துக் காசை லேசா நினைக்காதீங்க. பிள்ளைக்குக் காய்ச்சல், யாராவது ஒருத்தர் லயத்திலேயே இருக்கணும். யார் இருப்பாங்க? யார் இருந்தா நஷ்டம் குறைவோ அவங்கதான். பத்து வருஷம் இப்படியே நடந்தா, இது கூலிக் கணக்கால வந்த பழக்கம்னு யாருக்கும் நினைவிருக்காது. "பொம்பளதான் வீட்டைப் பார்க்கணும்"னு சொல்லிடுவாங்க. பண்பாடுன்னு நாம சொல்ற சில விஷயங்களுக்குப் பின்னால இந்த மாதிரி ஒரு பழைய சம்பளப் பட்டியல் இருக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

தோட்ட வீடும் வேலையோடு கட்டப்பட்டது. புருஷன் வேலையை விட்டா வீடு போயிடும்ங்கிற பயத்துல, மனைவி விடாம பெரட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு. ஆயாக்கொட்டகை இருந்த தோட்டத்தில் கைக்குழந்தைக்காரிகூட வேலைக்குப் போக முடிந்தது. இல்லாத இடத்தில் பாட்டி வேண்டும், அல்லது மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட வேண்டும்.

இனி எங்க வீட்டுக் கதை. அப்பா காய்கறி லோரி ஓட்டினார். ராத்திரி எட்டு மணிக்கு ரிங்லெட்டில் இருந்து இறங்கினால், விடியுமுன் சிலாயாங் மொத்தச் சந்தையில் முட்டைக்கோஸ் இறங்கியிருக்க வேண்டும். அம்மா ஒரு தேயிலை ஆலையில் வேலை. பறித்த கொழுந்து காத்திருக்காது. அன்றன்றே வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும். கொழுந்து அதிகம் வரும் வாரங்களில் ஆலை இரவிலும் ஓடும். அந்த ஓவர்டைமில்தான் காசு. ஆனால் அப்பா இரவில் இல்லை, நானும் தங்கச்சியும் சின்னப் பிள்ளைகள். ஷிப்ட் தலைவி வேலை அம்மாவைத் தேடி வந்தபோது, "ராத்திரி வர முடியாது"ன்னு சொல்லி விட்டுட்டாங்க. அப்பா ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லல. அவரோட லோரி நேரமே பதில் சொல்லிடுச்சு.

நான் முதலாம் படிவம் போனப்ப அப்பா பகல் வேலைக்கு மாறினார், ஒரு பூந்தோட்டத்துல. சம்பளம் குறைவு. ஆனா அம்மா இரவு ஷிப்ட் எடுக்க ஆரம்பிச்சதும் வீட்டு வருமானம் முன்னைவிடக் கூடிடுச்சு. அப்பா சமைக்கக் கத்துக்கிட்டார். முதல் மாசம் முழுக்க ரசமும் முட்டையும்தான், அது வேற கதை. எங்க பொறியியல் பாடத்துல சொல்ற மாதிரி, பல் பொருந்தின ரெண்டு சக்கரம் இது. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணும் சுத்தும்.

பொருளாதார அறிஞர்களும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கப் பெருமந்தத்தின்போது கணவன் வேலை இழந்த வீடுகளில் மற்றவர்கள் வேலை தேடி வெளியே வந்தார்கள் என்று வாய்டின்ஸ்கி 1940-ல் எழுதினார். 'கூடுதல் தொழிலாளர் விளைவு' என்று இதற்குப் பெயர்.

எனக்குப் பிடிச்சது பிரான்ஸ் ஆய்வு. அங்கே வார வேலை நேரத்தைச் சட்டம் 39 மணியிலிருந்து 35 ஆகக் குறைத்தது. குறைக்கப்பட்டவர்கள் சராசரியாக வாரம் 2 மணி நேரம் குறைவாக வேலை செய்தார்கள், சம்பளம் குறையவில்லை. குறைக்கப்பட்டது மனைவியின் நேரம் என்றால், கணவனும் தன் நேரத்தில் வாரம் அரை மணி அளவுக்குக் குறைத்துக்கொண்டார். அவருக்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வழக்கமான நேரத்துக்கு மேல் உட்கார்வதை விட்டார், அவ்வளவுதான். கூ, மோரான், பெட்ரோங்கோலோ என்ற மூவர் 2014-ல் வெளியிட்டது இது. வீட்டில் ஒருத்தர் காத்திருந்தா சீக்கிரம் கிளம்பத் தோணும் இல்லையா? ஆனா கணவனோட நேரம் குறைஞ்சப்ப மனைவியோட நேரம் பெரிசா மாறல. பெண்களோட நேரம் ஏற்கனவே பிள்ளை, அடுப்புன்னு இறுகிப் போயிருக்கு, அசைய இடமில்லைன்னு நான் புரிஞ்சுக்கிறேன்.

நம்ம நாட்டில் வேலைச் சந்தையில் இருப்பவர்கள் பெண்களில் சுமார் 56 விழுக்காடு, ஆண்களில் 80-க்கு மேல். திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 1.1.2023 முதல் வார வேலை நேரத்தை 48-லிருந்து 45 ஆக்கியது. பிரசவ விடுப்பு 60-லிருந்து 98 நாள் ஆனது, அப்பாவுக்கு முதன்முறையாக 7 நாள். நல்ல மாற்றம்தான். ஆனால் 98-க்கும் 7-க்கும் நடுவில் அந்தப் பழைய பத்துக் காசு தெரிகிறது. எட்டாம் நாள் யார் வேலைக்குப் போவார், யார் வீட்டில் இருப்பார் என்பது முன்கூட்டியே எழுதியாச்சு.

அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஆண்களும் கேட்கலாம். அண்ணன்மார்களே, உங்களுக்குத்தான் சொல்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பயிற்சி. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கல்யாணமானவங்க கணவன் மனைவி ரெண்டு பேருக்கும், மத்தவங்க அப்பா அம்மாவுக்கும், ஆளுக்கு 168 கட்டம் போடுங்க. சம்பள வேலைக்கு ஒரு நிறம், வீட்டு வேலைக்கு ஒரு நிறம், பயணத்துக்கு ஒரு நிறம். ஒருத்தரோட ஷிப்ட்டை நாலு மணி நேரம் நகர்த்திப் பாருங்க. அடுத்த தாள்ல எந்தக் கட்டமெல்லாம் நிறம் மாறுதுன்னு பென்சிலால குறிச்சு, ரெண்டு தாளையும் கொண்டு வாங்க.