அம்மாவோட சமையல் புத்தகத்துல கறையைத் துடைக்காதீங்க

பரண்ல இருந்து பழைய சமையல் புத்தகம் ஒண்ணு இறங்கினா, நம்ம கை முதல்ல தேடுறது ஈரத்துணியைத்தான். அக்கா சொல்றேன், அந்தத் துணியைக் கீழே வைங்க. பழைய தாள்ல ஈரம் பட்டா மை ஊறிப் பரவிடும், ஓரம் பிஞ்சு கையோட வந்துடும். அது மட்டுமில்ல, எந்தப் பக்கத்துல எண்ணெய்க் கறை அதிகமோ, அந்தப் பக்கம்தான் வீட்ல நிஜமாவே சமைச்ச பக்கம்.

எங்க வீட்ல இருக்கிறது மீனாட்சி அம்மாளோட ‘சமைத்துப் பார்’. 1951-ல முதல்ல வந்த புத்தகம். எத்தனையோ கல்யாணச் சீர்ல பாத்திரத்தோட பாத்திரமா இதுவும் போயிருக்கு. எங்க பிரதியில சாம்பார் பக்கம் மஞ்சள் படிஞ்சு, ஓரத்துல கட்டைவிரல் ரேகையோட இருக்கும். பக்கத்துலயே பென்சில்ல அம்மா எழுத்து: “மிளகாய் பாதி. இவருக்கு அல்சர்.” அதுக்குக் கீழே, பல வருஷம் கழிச்சு நீல மையில: “குழந்தைக்கு இன்னும் குறை.” அச்சடிச்ச குறிப்பைக் கடையில இன்னிக்கும் வாங்கலாம். இந்த ரெண்டு வரியை எங்கே போய் வாங்குறது? அதனால நான் சொல்ற டிப்ஸ் எல்லாம் ஓரத்துல இருக்கிற எழுத்தைக் காப்பாத்தத்தான்.

முதல் வேலை, போட்டோ. ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். பென்சில் எழுத்து மங்கிப் போயிருந்தா டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க, அழுத்தி எழுதின பள்ளம் நிழலா எழும்பி வரும். அட்டையையும் கடைசி வெத்துப் பக்கத்தையும் விட்டுடாதீங்க. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, பக்கத்து வீட்டு மாமி சொன்ன ஊறுகாய் அளவு எல்லாம் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும்.

கிழிஞ்ச இடத்துல செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீங்க. நாளாக ஆக டேப் உரிஞ்சு வந்துடும், பசை மட்டும் பழுப்பாத் தாள்லயே தங்கிடும். லேமினேஷனும் வேண்டாம், ஒரு தடவை போட்டா திரும்ப எடுக்க முடியாது. மைதாப் பசை வச்சா ராமபாணப் பூச்சிக்கு விருந்து வச்ச மாதிரி. துருப்பிடிச்ச குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தா மெதுவா நிமிர்த்திக் கழட்டிடுங்க. தளர்ந்த தாளை அப்படியே உள்ளே வச்சு, பழைய பருத்தித் துணி நாடாவால புத்தகத்தைச் சுத்திக் கட்டினாலே போதும். பாகு சிந்தி ஒட்டிக்கிட்ட பக்கத்தைப் பலமா இழுக்காம, மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை இடையில விட்டு மெதுவாப் பிரிங்க.

ஏற்கெனவே பூச்சி இருந்தா, பாலித்தீன் கவர்ல காத்துப் போகாம சுத்தி ஒரு வாரம் ஃப்ரீசர்ல வைங்க. வெளியே எடுத்ததும் ஆவலாப் பிரிச்சிடாதீங்க. குளிர் முழுக்கப் போன பிறகு பிரிச்சாதான் தாள் வேர்க்காது. அப்புறம் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துல காலங்காலமா வைக்கிற வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு முடிச்சை நீங்களும் வைக்கலாம். பொடிச்சு, துணியில கட்டி, அலமாரி மூலையில. பக்கத்துக்கு நடுவுல தூவினா கறைதான் மிச்சம்.

அடுத்தது அளவு. கிலோ, கிராம் நம்ம ஊர்க் கடைக்கு வந்ததே 1958-க்கு அப்புறம்தான், அதனால பழைய குறிப்புல பலமும் ரூபாய் எடையும்தான் இருக்கும். ஒரு பலம் சுமார் 35 கிராம், ரூபாய் எடை கிட்டத்தட்ட பன்னிரண்டு கிராம், 40 பலம் சேர்ந்தா ஒரு வீசை. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனா படி ஊருக்கு ஊர் மாறும். உங்க வீட்டு ஆழாக்கு கிடைச்சா தண்ணி நிரப்பி கிச்சன் தராசுல வைங்க. எத்தனை கிராமோ அத்தனை மில்லி. வெறும் ஆழாக்குக் கணக்கு மட்டும் இருக்கிற குறிப்புன்னா இந்தக் கவலையே இல்ல, ஒரே டம்ளரால எல்லாத்தையும் அளந்துடலாம். ‘எலுமிச்சங்காய் அளவு புளி’ன்னு இருந்தா, அம்மா உருட்டி வைக்கும்போது ஒரு தடவை தராசுல வச்சுக் குறிச்சுக்குங்க. எந்த எலுமிச்சங்காய்னு அவங்க கைக்குத்தான் தெரியும். பெருங்காயம் மட்டும் கவனம்: அப்போ கட்டிப் பெருங்காயம், இப்போ டப்பாவுல வர்ற பொடியில மாவு, கோந்து எல்லாம் கலந்திருக்கு, கொஞ்சம் கூடத்தான் போடணும்.

ஸ்கூல் ஹோம் சயின்ஸ் ரெக்கார்ட் நோட்டையும் எடைக்குப் போட்டுடாதீங்க. பிரவுன் அட்டை, கோடு போடாத பக்கத்துல வாரப் பத்திரிகையில வெட்டி ஒட்டின கேக் படம், கோடு போட்ட பக்கத்துல ‘தேவையான பொருள்கள்’. என் நோட்டுல டீச்சர் சிவப்பு மையில ‘கொத்தமள்ளி’யைத் திருத்தியிருக்காங்க, கேசரிக்கு எழுதின தண்ணி அளவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல! அந்த நோட்டுல இருக்கிறது நாலு பேருக்கான சின்ன அளவு, புதுசாக் குடித்தனம் வைக்கிறவங்களுக்கு அதுதான் தோது. ஒட்டின படம்தான் பூச்சி முதல்ல வர்ற இடம், அடிக்கடி புரட்டிப் பாருங்க.

அக்கா தங்கச்சி மூணு பேர், புத்தகம் ஒண்ணுன்னா சண்டையே வேண்டாம். போட்டோவை பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி ஆளுக்கு ஒண்ணு. அசல், அம்மா கூட இருக்கிறவகிட்டயே இருக்கட்டும். தினப்படி சமையலுக்குப் புதுப் பதிப்பு வாங்கி அடுப்பு மேடையில வச்சுக்குங்க. அம்மா எழுதினதை அந்தந்தப் பக்கத்துல பென்சில்லயே, அவங்க வார்த்தையிலயே எழுதுங்க. உங்க மாத்தத்தை அதுக்குக் கீழே, தேதி போட்டு எழுதலாம்.