தந்தை வேடம் ஏற்ற மனோகரன்

முன்னுரை

முத்தமிழுள் ஒன்றாகிய நாடகத்தை இளமைக்கு மட்டுமே உரிய கலையாகக் கருதுவோர் பலர். கல்லூரி ஆண்டு விழாவில் வேடம் புனைந்தவர்கள், பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்து இல்லறம் ஏற்றபின் அரங்கை மறந்துவிடுகின்றனர். நாற்பதைக் கடந்தபின் மீண்டும் நடிக்கவோ, நாடகமும் திரைக்கதையும் எழுதவோ ஒருவர் விழைந்தால், "இந்த வயதில் என்ன கூத்து?" என்று வீடும் ஊரும் வினவுகின்றன. அவ்வினாவிற்கு நம் நாடக வரலாறு கூறும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலும் கலையும்

செங்கற்பட்டுப் பகுதியினர் இவ்விடையைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. மாமல்லபுரத்திற்குப் பெயர் தந்த நரசிம்மவர்மனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டில், ஆட்சிச் சுமைகளுக்கிடையே 'மத்தவிலாசம்' என்னும் வடமொழி எள்ளல் நாடகத்தை அவன் இயற்றினான். தன் தலைநகராகிய காஞ்சியையே அதற்குக் களமாக்கினான். அரசனுக்கு அரியணை தடையாகவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அண்மைக் காலச் சான்று பம்மல் சம்பந்த முதலியார். அவர் பெயரின் முன் நிற்கும் பம்மல், பல்லாவரத்தை அடுத்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. 1873இல் பிறந்த அவர், 1891இல் நண்பர்களுடன் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, 1924 முதல் 1928 வரை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கினார். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை என்ற ஒழுங்கு அவரை இரண்டு துறையிலும் நிலைநிறுத்தியது.

மகனும் தந்தையும்

அவருடைய 'மனோகரா' 1895இல் மேடையேறியது. எழுதியவரே மனோகரனாக நடித்தார். அப்போது அவருக்கு வயது 22. வசந்தசேனையின் வயப்பட்டு அரசியைப் புறக்கணிக்கும் மன்னன் புருடோத்தமனின் மகன் மனோகரன். சங்கிலியால் பிணிக்கப்பட்டுத் தந்தையின் அவைமுன் அவன் நிற்கும் காட்சி தமிழ்மேடையில் பெரும்புகழ் பெற்றது.

நாற்பத்தோராண்டுகள் கழிந்தன. 1936இல் அந்நாடகம் பேசும்படமாயிற்று. வி. ஏ. செல்லப்பா மனோகரனாக நடிக்க, 63 வயதுச் சம்பந்தனார் புருடோத்தமனாகத் தோன்றினார். மகன் வேடத்தில் நின்று உலகறியச் செய்த கதையில், மகனின் சினத்தைக் கேட்கும் தந்தையாக அவர் நின்றார். மீள்வோன் விட்ட இடத்திற்கே வருவதில்லை. கதை ஒன்றே எனினும், அதில் அவன் நிற்கும் இடம் மாறிவிடுகிறது.

திரும்பிய துறவி

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வரலாறும் இதனையே வலியுறுத்தும். எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவையோரை நடுங்கவைத்த அவர், ஒரு காலத்தில் அரங்கை நீத்துத் துறவு பூண்டார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாகப் போற்றி, மீண்டும் நாடகத்தின்பால் ஆற்றுப்படுத்தினார். திரும்பி வந்தவரின் பெரும்பணி நாடக ஆக்கமும் பயிற்சியுமாக அமைந்தது. 1918இல், 51ஆம் வயதில், மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்குப் பயின்ற சிறுவர்களே. சுவாமிகள் மீளாதிருந்தால் அச்சிறுவர்களுக்கு அவ்வாசான் வாய்த்திரார்.

மீள்வோர் கொள்ளத்தக்கன

இவ்விரு வரலாறுகளால் மூன்று உண்மைகள் பெறப்படும்.

ஒன்று, பழைய வேடத்தைப் பற்றிக்கொள்ளலாகாது. இருபதில் நடித்த காதலனை ஐம்பதில் நாடுவோர் நகைப்புக்கு இடமாவர். தந்தை, ஆசிரியர், நீதிபதி, தோற்ற வணிகர் என வயது தரும் வேடங்கள் எண்ணற்றன.

இரண்டு, இடைப்பட்ட ஆண்டுகள் வீணல்ல. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் மருத்துவமனை வாயிலிலும் கேட்ட பேச்சே எழுதுவோனின் முதல். இளைஞன் கற்பனையால் எழுதும் பிரிவையும் கடனையும் நடுவயதினர் பட்டறிவால் எழுதுவர்.

மூன்று, பட்டறிவு பயிற்சிக்கு ஈடாகாது. குரலும் நினைவாற்றலும் நாள்தோறும் பழக்கினாலன்றி ஒத்துழையா. மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பேசியவர், படக்கருவியின் முன் குரலைத் தாழ்த்தவும் கண்ணால் பேசவும் புதிதாகக் கற்க வேண்டும். திரைக்கதை எழுதுவோர் மேடை உரையாடலின் நீளத்தைக் குறைத்து, சொல்லின்றிக் காட்சியால் உணர்த்தப் பழக வேண்டும். அறுபதைக் கடந்த சம்பந்தனார் பேசும்படத் துறையில் கற்றவற்றைத் தனி நூலாகவே எழுதினார் என்பது அவர் மாணவ மனத்திற்குச் சான்று.

முடிவுரை

மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியை அருச்சுனன் என்பர் ஒரு சாரார். வடதமிழகத்துத் திரௌபதியம்மன் விழாக்களில் அதே தவத்தைக் கூத்தர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறிப் பாடி நிகழ்த்துகின்றனர். கல்லில் நிற்பவனுக்கு வயதில்லை. மரத்தில் ஏறும் கூத்தனுக்கு உண்டு. ஒருவர் இறங்கிய பின் அடுத்தவர் ஏறக் கற்றிருந்தால்தான் அக்கலை வாழும். அதைக் கற்றுத்தர அனுபவமுடையோர் அரங்கிற்குத் திரும்ப வேண்டும்.

ஆகவே, மாணவர்களே, உங்கள் தந்தையோ தாயோ ஆசிரியரோ பழைய நாடகச் சுவடியைத் தூசு தட்டி எடுப்பாராயின், நகையாதீர். அருகமர்ந்து, அவருக்கு எதிர்வசனம் படியுங்கள்.