பென் டிரைவ்: நாலு பேர் சொல்வதும் உண்மையில் நடப்பதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்கும் பொருள் பெரும்பாலும் பென் டிரைவ்தான். கம்ப்யூட்டர் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கி, தெரிந்தவர்களிடம் எல்லாம் விசாரிக்கிறோம். பென் டிரைவை மட்டும் பேனா வாங்குவதுபோல வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம். அதைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயமும் வைத்திருக்கிறோம். "கம்பெனிக்காரன் ஜிபியில் ஏமாற்றுகிறான்", "அப்படியே பிடுங்கலாம், ஒன்றும் ஆகாது", "போட்டோவை எல்லாம் அதில் போட்டுவிட்டால் பத்திரம்" என்று பல பேச்சுகள். இவற்றில் சில பாதி உண்மை, சில முழுத் தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. பென் டிரைவ் 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் தம்ப் டிரைவ் என்ற பெயரில் விற்றது. ஐபிஎம் விற்றதன் பெயர் டிஸ்க் ஆன் கீ. அதன் கொள்ளளவு 8 எம்பி. இன்று மொபைலில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோக்களே அதை நிரப்பிவிடும். ஆனால் அன்று எல்லோரிடமும் இருந்தது 1.44 எம்பி பிளாப்பி. அதற்கு முன்னால் 8 எம்பி என்பது பெரிய விஷயம்.

64 வாங்கினேன், 59 தான் இருக்கிறது!

64 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும். கம்ப்யூட்டரில் செருகி, ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் 58 அல்லது 59 ஜிபி என்று வரும். உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் மேல் தவறில்லை.

பென் டிரைவ் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் கணக்கில் ஒரு ஜிபி என்பது 1024ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட். எனவே 6,400 கோடி பைட்டை விண்டோஸ் தன் படியால் அளந்தால் 59.6 தான் வரும். 1 டிபி ஹார்ட் டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவதும் இதனால்தான். பைல்களின் பட்டியலை வைத்துக்கொள்ளவும் கொஞ்சம் இடம் போகும். விண்டோஸ் பயன்படுத்தும் அளவுக்கு கிபிபைட் என்று 1998லேயே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் விண்டோஸ் இன்றுவரை ஜிபி என்றே எழுதுகிறது. ஆப்பிள் 2009இல் வந்த ஸ்னோ லெபர்ட் பதிப்பு முதல் தயாரிப்பாளர்களின் கணக்குக்கே மாறிவிட்டது. அதனால் அதே பென் டிரைவை மேக்கில் செருகினால் 64 என்று காட்டும்! எனக்குக் கேட்டால் விண்டோஸும் எப்போதோ மாறியிருக்க வேண்டும். (பிளாப்பியின் 1.44 எம்பி இன்னும் வேடிக்கை. அது 1440ஐ 1024ஆல் பெருக்கி வந்த எண். அதாவது ஒரு பாதி ஒரு கணக்கு, மறு பாதி இன்னொரு கணக்கு.)

ஆக, நூற்றுக்கு ஏழு குறைந்தால் அது கணக்கு வித்தியாசம்தான். உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. அதில் பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

சில நூறு ரூபாய்க்கு 2 டிபி

என் மைத்துனர் இணையத்தில் ஒரு பென் டிரைவ் வாங்கினார். கொள்ளளவு 2 டிபி, விலை ஐநூறுக்கும் கீழே. "பார்த்தீர்களா மாமா, நீங்கள் 64 ஜிபிக்கு இதைவிட அதிகம் கொடுத்தீர்களே" என்று என்னிடமே காட்டினார். செருகிப் பார்த்தேன். விண்டோஸ் 2 டிபிக்கு உரிய கொள்ளளவைக் காட்டியது. எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் வாய் திறந்து சொல்லவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்த மாதம் என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. கேமராவில் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களையும் வீடியோக்களையும் மைத்துனர் லேப்டாப்பில் ஏற்றினார். பிறகு கட் செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்தார். கேமராவின் கார்டையும் பார்மட் செய்துவிட்டார். பத்து நாள் கழித்து ஆல்பம் போட உட்கார்ந்தபோது பைல்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. கிளிக் செய்தால் முதல் சில படங்கள் மட்டும் திறந்தன. மற்றவை திறக்கவே இல்லை.

நடந்தது இதுதான். பென் டிரைவுக்குள் தகவலைச் சேமிக்கும் பிளாஷ் மெமரி சிப் ஒன்றும், அதை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் சிப் ஒன்றும் இருக்கும். "உன் கொள்ளளவு என்ன?" என்று விண்டோஸ் கேட்பது கண்ட்ரோலரிடம். அது சொல்லும் பதிலை விண்டோஸ் அப்படியே நம்பும். போலி டிரைவில் 8 அல்லது 16 ஜிபி மெமரியை வைத்துவிட்டு, 2 டிபி என்று பொய் சொல்லும்படி கண்ட்ரோலரை மாற்றிவிடுகிறார்கள்.

ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் 2000 அறைகள் என்று போர்டு. உள்ளே இருப்பது 16 அறை. வருகிற எல்லோருடைய பெயரையும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்கிறார்கள். முதல் 16 பேருக்கு அறை கிடைக்கும். அடுத்து வருபவரைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிடுவார்கள். அல்லது முதலில் வந்தவரை எழுப்பிவிட்டு அந்த அறையைக் கொடுப்பார்கள். ரிஜிஸ்டரைப் பார்த்தால் எல்லோரும் இருப்பதாகவே தெரியும். பைல் பெயர்கள் தெரிந்ததும் படங்கள் திறக்காததும் இப்படித்தான். பைல்களின் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில், நிஜமாக மெமரி உள்ள இடத்தில் இருக்கிறது.

2 டிபி பென் டிரைவ் என்று ஒன்று இல்லாமல் இல்லை. கிங்ஸ்டன் 2017லேயே ஒன்றை அறிவித்தது. ஆனால் அது இந்த விலையில் கிடைக்கிற பொருள் அல்ல. நல்ல கம்பெனியின் 64 ஜிபி விற்கும் விலையில் 2 டிபி கிடைக்கிறது என்றால் விலையைப் பார்த்தே விலகிவிடுங்கள்.

வாங்கியாகிவிட்டதா? சோதித்துப் பாருங்கள். இதற்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம் உள்ளது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. இயக்கியவுடன் மொழி கேட்கும், இங்கிலீஷ் தேர்ந்தெடுங்கள். பிறகு காலியான பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, ரைட் பிளஸ் வெரிஃபை என்ற பட்டனை அழுத்துங்கள். அது டிரைவ் முழுவதும் தகவலை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். நல்ல டிரைவ் என்றால் பிழை இல்லை என்று முடியும். போலி என்றால் எத்தனை ஜிபி சரி, எத்தனை ஜிபி தொலைந்தது என்று காட்டும். நேரம் ஆகும். விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும் டிரைவ் என்றால் 64 ஜிபியை எழுத மட்டுமே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இரவு சாப்பிடப் போகும் முன் ஓட விட்டுவிடுங்கள். பொருளைத் திருப்பித் தர அனுமதிக்கும் நாட்களுக்குள் இதைச் செய்வது முக்கியம்.

அப்படியே பிடுங்கலாமா?

இந்தக் கேள்விக்கு 2018க்கு முன் ஒரு பதில், பின் ஒரு பதில். பைலைக் காப்பி செய்யும்போது விண்டோஸ் அதை உடனே டிரைவில் எழுதாமல், மெமரியில் கொஞ்சம் வைத்திருந்து சாவகாசமாக எழுதுவது உண்டு. திரையில் காப்பி முடிந்துவிட்டது என்று காட்டும். ஆனால் டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால் பைல் பாதியில் நிற்கும். பைல் பட்டியலை எழுதிக்கொண்டிருந்த நேரமாக இருந்தால் டிரைவ் முழுவதுமே படிக்க முடியாமல் போகலாம்.

2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து குயிக் ரிமூவல் என்ற முறையை மைக்ரோசாப்ட் வழக்கமாக்கியது. இதில் விண்டோஸ் அப்படித் தள்ளிப் போடுவதில்லை. எனவே காப்பி முடிந்து, விளக்கும் நின்றுவிட்டால் பிடுங்கலாம் என்பது இன்று ஏறக்குறைய சரி. உங்கள் கம்ப்யூட்டரில் எந்த முறை என்று அறிய, டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் பிரிவைத் திறந்து, பென் டிரைவின் பெயரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பாலிசீஸ் டேப் பாருங்கள்.

இருந்தாலும் நான் இன்றும் வலது கீழ் மூலையில் உள்ள ஐகானைக் கிளிக் செய்து, எஜெக்ட் கொடுத்த பிறகே எடுக்கிறேன். ஏதாவது ஒரு புரோகிராம் அந்த டிரைவில் பைலைத் திறந்து வைத்திருந்தால், "பயன்பாட்டில் உள்ளது" என்று விண்டோஸ் சொல்லிவிடும். அதற்காகவே இரண்டு கிளிக் செலவழிக்கலாம். அப்படிச் செய்தி வந்தால் திறந்திருக்கும் வேர்ட், வீடியோ பிளேயர் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள். அப்போதும் விடவில்லை என்றால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து எடுங்கள்.

எப்போதாவது செருகியவுடன் "இந்த டிஸ்க்கை பார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வரும். உள்ளே வேண்டிய பைல் இருந்தால் தயவுசெய்து கேன்சல் கொடுங்கள். பதற்றத்தில் பார்மட் அழுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடையில்

இதுவும் நம் ஊரில் தினம் நடப்பது. பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைக் கொடுப்போம். வீட்டுக்கு வந்து செருகினால் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். ஐகானின் மூலையில் சிறிய அம்புக்குறி தெரியும். வைரஸ் உங்கள் போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை இயக்கும் ஷார்ட்கட்டை வைத்துவிட்டது. செருகியவுடன் தானாக ஓடும் பழைய வைரஸ்களுக்கான வழியை மைக்ரோசாப்ட் விண்டோஸ் 7இலும், பழைய பதிப்புகளுக்கு 2011இலும் அடைத்துவிட்டது. அதனால்தான் இது நீங்களே கிளிக் செய்யக் காத்திருக்கிறது. செய்யாதீர்கள்! முதலில் டிரைவை ஆன்டிவைரஸ் கொண்டு சோதியுங்கள். விண்டோஸிலேயே உள்ள டிபென்டர் போதும். பிறகு விண்டோஸ் 11இல் வியூ மெனுவில் ஷோ பிரிவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், போல்டர் ஆப்ஷன்ஸில் ஆபரேட்டிங் சிஸ்டம் பைல்களை மறைக்கும் டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் போல்டர்கள் மங்கலாகத் தெரியும். வேண்டியதைக் காப்பி செய்துகொண்டு, டிரைவை பார்மட் செய்துவிடலாம்.

கடைக்கென்று சின்னதாக ஒரு பென் டிரைவ் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. அதில் அன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு பைலை மட்டும் போட்டுக்கொண்டு போங்கள்.

பத்திரம் என்ற எண்ணம்

பிளாஷ் மெமரியில் தகவல் இருப்பது மிக நுண்ணிய அறைகளில் அடைக்கப்பட்ட மின்னூட்டமாக. அது காலப்போக்கில் கசியும். வெப்பத்தில் சீக்கிரம் கசியும். ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்த அறைகள் கொஞ்சம் தேயும். பீரோவில் போட்டுவிட்டுப் பல வருடம் கழித்து எடுக்கலாம் என்று வைக்கும் பொருள் அல்ல அது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பைலைக் கொண்டு போகும் பஸ். பஸ்ஸில் யாரும் குடியிருப்பதில்லையே. போட்டோக்கள் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, முடிந்தால் வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒரு காப்பி என்று இருக்கட்டும். கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி செய்து, டிரைவைக் கழற்றி மீண்டும் செருகி, கடைசியிலும் நடுவிலும் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

இன்னொன்று. பென் டிரைவில் டெலீட் செய்த பைல் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. ஆனால் உடனே அழிந்துவிடுவதும் இல்லை. பட்டியலில் அந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அதன் மேல் வேறு தகவல் எழுதப்படாத வரை மீட்க வழி உண்டு. எனவே தவறி அழித்தால் அந்த டிரைவில் அதற்குப் பிறகு எதையும் எழுதாதீர்கள்.

மைத்துனரைக் கொஞ்சம் காப்பாற்றியது இதுதான். லேப்டாப்பில் இருந்தது எஸ்எஸ்டி. அழித்த இடங்களை அது தானாகவே துடைத்துவிடும் என்பதால் அங்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேமரா கார்டை வாங்கி, போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை ஓட்டினேன். மீட்கும் பைல்களை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிரைவில் சேமிக்கச் சொல்ல வேண்டும். பல மணி நேரம் ஓடியது. பெரும்பாலான படங்கள் வந்தன. ஆனால் கார்டை பார்மட் செய்த பிறகு அவர் மகள் கோயிலில் முப்பது நாற்பது படம் எடுத்திருந்தாள். அவை கார்டின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. அந்த இடத்தில் இருந்தவை விடிகாலை கணபதி ஹோமப் படங்கள். அவை மட்டும் வரவே இல்லை.

போட்டோரெக் பழைய பைல் பெயர்களைத் திருப்பித் தராது. எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான். மாமனார் இப்போது தினமும் மாலையில் லேப்டாப் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகத் திறந்து, ரீநேம் கொடுத்து, வந்தவர்களின் பெயரை டைப் செய்துகொண்டிருக்கிறார். இதுவரை இருநூறு படம் முடித்திருக்கிறார்.