சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம்: எந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவிடலாம்?

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க இன்று பல பரிசோதனைகள் இருக்கின்றன. விலை கூடக் கூடத் துல்லியமும் கூடும் என்று நம்புவது இயல்பு. ஆனால், எந்த முடிவு வந்தால் மருத்துவர் மருந்தை மாற்றுவார் என்பதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பழைய, மலிவான இரண்டு பரிசோதனைகளுக்கே முதலிடம்.

முதலாவது ரத்தத்தில் கிரியேட்டினின். இது தசையிலிருந்து வரும் கழிவு என்பதால், எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் 30 வயதுச் சிற்பிக்கும், செய்யூர் பக்கத்து உப்பளத்தில் உழைத்து மெலிந்த 65 வயது அம்மாவுக்கும் கிரியேட்டினின் 1.1 என்று வைத்துக்கொள்வோம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி, சிற்பியின் வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர்.) சுமார் 93, அந்த அம்மாவுக்குச் சுமார் 56. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆகவே லேபில் இ.ஜி.எஃப்.ஆரையும் கேட்டு வாங்க வேண்டும். வெயிலில் வேலை பார்த்து உடம்பில் நீர் வற்றியிருந்தாலும், முதல் நாள் இரவு கறி நிறையச் சாப்பிட்டிருந்தாலும் கிரியேட்டினின் ஏறும். ஓய்வெடுத்த காலையில் ரத்தம் கொடுப்பது நல்லது.

இரண்டாவது சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். பெரும்பாலும் வடிகட்டும் திறன் குறைவதற்கு முன்பே அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். விகிதம் 30-க்குள் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. சென்னையில் நடந்து 2007இல் வெளியான ‘க்யூர்ஸ்’ ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 26.9 சதவீதம் பேர் இந்த ஆரம்பக் கட்டத்தில் இருந்தார்கள். முற்றிய நிலையில் 2.2 சதவீதம் பேர்தான். தடுக்க முடிந்த கட்டத்தில் இருப்பவர்களே அதிகம். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை இந்தக் கசிவைத் தவறவிடக்கூடும். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் கணக்கைக் கூட்டிக் காட்டும் என்பதால், மூன்று முதல் ஆறு மாதங்களில் எடுத்த மூன்றில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் முடிவு கட்ட வேண்டும்.

அல்புமின் கசியாமலே சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறோம். மிகவும் மெலிந்தவர்கள், கால் இழந்தவர்கள், தசை திரண்டவர்கள் ஆகியோருக்கு இ.ஜி.எஃப்.ஆரே சந்தேகமாக இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை உதவும். அது தசையைப் பெரிதாகச் சார்ந்ததல்ல. ஆனால் தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, புகைபிடித்தல், உடல் பருமன் ஆகியவை அதையும் குழப்பும். எல்லோருக்கும் ஆண்டுதோறும் அது தேவையில்லை.

டி.என்.எஃப். ஏற்பிகள், கிம்-1 போன்ற புதிய ரத்தக் குறிகாட்டிகள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஆபத்தைச் சொல்லிவிடும் என்பார்கள். இவற்றை அடிப்படையாகக் கொண்ட ‘கிட்னிஇன்டெல்எக்ஸ்’ பரிசோதனைக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி தந்தது, சிறுநீரக நோய் ஏற்கெனவே வந்துவிட்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குத்தான். நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதைத்தான் அது கணிக்கிறது. முன்கூட்டியே தெரிந்தாலும் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். 2020இல் வெளியான ‘பிரையாரிட்டி’ ஆய்வு, சிறுநீர்ப் புரதத் துணுக்குகளை வைத்து ஆபத்து மிகுந்தவர்களைச் சரியாகவே இனங்கண்டது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்த ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்து அல்புமின் கசிவைத் தடுக்கவில்லை. பலன் தரும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும், காப்புரிமை முடிந்து விலை இறங்கிய டாபாகிளிஃப்ளோசின் மருந்தும் புதிய குறிகாட்டிக்காகக் காத்திருப்பவை அல்ல.

மலிவானது ஏழைக்கு ஒதுக்கிய இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை அடுத்த கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்து, விலை குறைந்த மருந்துகளாலேயே பெரும்பாலோரின் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்ட ஊழியர் வீட்டுக்கு வரும்போதும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போதும் கிரியேட்டினின், அல்புமின் பரிசோதனைகள் இரண்டையும் பற்றிக் கேளுங்கள். இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்த நாளிலிருந்து, முதல் வகை என்றால் ஐந்தாண்டுக்குப் பிறகு, முடிவுகள் சரியாக இருக்கும்வரை ஆண்டுக்கு ஒருமுறை போதும். ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் வையுங்கள், இ.ஜி.எஃப்.ஆர். ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் சிறுநீரக மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.